ஏழாவது நிமிடத்தில் தூக்கம்

ஹம்சவேணிக்குத் தூக்கம் வராது என்பது மதுரை விளாங்குடியில் அவள் தெருவுக்கே தெரியும். எந்த வீட்டு நாய் எத்தனை மணிக்குக் குரைத்தது, எந்த வீட்டு மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிந்தது என்பதையெல்லாம் காலையில் அவளிடம் கேட்டால் நிமிஷம் பிசகாமல் சொல்வாள். தொலைபேசி இலாகாவில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில், எந்த ஷிப்டுக்கு வருவது என்று தெரியாமல் குழம்பிய தூக்கம், ஒரு கட்டத்தில் வேலையையே விட்டுவிட்டது. பிறகு அவளும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். போன தூக்கம் மட்டும் வரவில்லை.

அவள் கணவர் ரவிசங்கர் இதற்கு நேரெதிர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்கு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கி, இறங்குகிற இடம் வந்ததும் யாரும் எழுப்பாமல் விழித்துக்கொள்ளும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கண்ணசந்து எழுந்தவர். இப்படிப்பட்ட மனிதரின் பக்கத்தில் விழித்துக்கொண்டு படுத்திருப்பது எவ்வளவு எரிச்சலான காரியம் என்று ஹம்சவேணியைக் கேட்டால்தான் தெரியும்.

இந்த நிலைமையில்தான் விளாங்குடி சிக்னல் பக்கம் அந்த விளம்பரப் பலகை முளைத்தது. இருபதடி அகலம். உதட்டுச்சாயமும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு பெண் கண்மூடிச் சிரித்துக்கொண்டே தூங்கினாள். அவள் தலைக்கு மேல், 'படுத்த ஏழாவது நிமிடத்தில் தூக்கம் உறுதி! இல்லையேல் பணம் வாபஸ்!' என்று மஞ்சள் எழுத்து. கீழே, முதுகுவலி பறந்துபோகும், மருத்துவர்கள் பரிந்துரைப்பது, ஜெர்மானியத் தொழில்நுட்பம் என்று வரிசையாகப் போட்டு, 'சொக்குறக்கம் மெத்தை மாளிகை, காளவாசல்' என்று முடித்திருந்தார்கள்.

காய்கறி வாங்கப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து, ஒரு வாரத்தில் ஹம்சவேணிக்குப் பொறாமை தாங்க முடியவில்லை. போய் வாங்கிவிட்டாள்.

கடை மேனேஜர் விஜய்ஆனந்த் முப்பது வயசுப் பையன், கழுத்தில் டை, வாயில் தேன். அவளை ஒரு நிமிஷம் மெத்தையில் உட்காரவைத்துவிட்டுச் சொன்னான்: "ஏழு நிமிஷம்னு போட்ருக்கோம் மேடம். நெசத்துல அஞ்சு நிமிஷம்தான். எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்ட சேத்துப் போட்டிருக்கு."

மெத்தை வந்து இறங்கிய அன்று, அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பதற்குள் ரவிசங்கர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு ஏழு நிமிஷம் ஆயிற்று, எழுபது நிமிஷமும் ஆயிற்று. புது மெத்தை, பழகட்டும் என்று ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறமும் வராமல் போகவே, ஒரு நோட்டுப் போட்டுப் படுத்த நேரத்தையும் கண் அசந்த நேரத்தையும் எழுதத் தொடங்கினாள். இருபத்தோரு நாள் எழுதினாள். அதில் ஆகச் சீக்கிரமாகத் தூங்கிய நாளே இரண்டு மணி நேரம் கழித்துத்தான். அன்றும் மின்சாரம் போய், பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டிவி ஓய்ந்ததால் வந்த தூக்கம் அது.

நோட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு காளவாசலுக்குப் போனாள். விஜய்ஆனந்த் நோட்டை மரியாதையாகப் புரட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு, தூங்காதவர்களுக்குத் தாங்கள் தூங்கியதே தெரியாது, அது ஒரு மாதிரியான நோய் என்றான். மனதில் கவலை இருந்தால் மெத்தை என்ன செய்யும் என்று கேட்டான். அவள் கவலை ஒன்றுமில்லை என்று சொன்னதும், கவலை இல்லாததைப் பற்றியே உள்ளுக்குள் கவலை இருக்கலாம் என்றான்.

பிறகு தன் போனை எடுத்துத் திருப்பிக் காட்டினான். கடையைப் பற்றி இணையத்தில் யாரோ ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார்கள். 'படுத்ததுதான் தெரியும். சூப்பர் மெத்தை.' எழுதியவர் பெயர் ரவிசங்கர், விளாங்குடி.

"உங்க வீட்டுக்கே வந்த மெத்தைதானே மேடம் இது" என்றான் விஜய்ஆனந்த், அடக்கமாக.

ஹம்சவேணிக்குக் காது மடல் சூடானது. ஆனாலும் விடவில்லை. இல்லையேல் பணம் வாபஸ் என்று போட்டிருக்கிறீர்களே, அதற்கு என்ன பதில் என்றாள். அவன் மேசையில் கிடந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து, 'உறுதி' என்ற சொல்லின் தோளில் கடுகு மாதிரி ஒட்டியிருந்த நட்சத்திரக் குறியைக் காட்டினான். அடியில் அதைவிடச் சின்ன எழுத்தில், நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்றிருந்தது.

சரி, அந்த நிபந்தனைகளைக் காட்டு என்றாள் அவள். அவன் இழுப்பறையைத் திறந்து பார்த்தான். கம்ப்யூட்டரில் தேடினான். குடோனுக்குப் போன் போட்டுக் கேட்டான். கடைசியில், அது எல்லா விளம்பரத்திலும் வழக்கமாகப் போடுவது, தனியாக நிபந்தனை என்று எதுவும் எழுதி வைக்கவில்லை என்பதை, ஏதோ அவளுக்குச் சலுகை செய்வது போலச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். அன்றைக்குப் பெரும்பாலும் பேசியது அவள்தான். மெத்தை இறக்கிவைத்த ஆள் இவர் போனில் கடையின் பக்கத்தைத் திறந்து வைத்து, அண்ணே ஒரு வரி எழுதிவிடுங்கள், எனக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று கெஞ்சினானாம். மறுநாள் காலை தனக்குப் பட்டதை இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "பொய் ஒண்ணும் எழுதலையே வேணி" என்றார் பாவமாக. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். அவர் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மறுநாள் காஜிமார் தெருவுக்குப் போய் ஷரீபாவைப் பார்த்தாள். ஷரீபா அவளோடு எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருபது வருஷம் வேலை பார்த்தவள். ஒரு மிக்ஸிக் கம்பெனியோடு எட்டு மாதம் மல்லுக்கு நின்று புது மிக்ஸி வாங்கிய அனுபவம் அவளுக்கு உண்டு. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, ரவிசங்கர் எழுதிய இடம் வந்தபோது மட்டும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். பிறகு காரியத்துக்கு வந்தாள். முதலில் பலகையைப் படம் பிடித்து வைக்க வேண்டும், நாளைக்கே கழற்றிவிட்டால் நாம் சொல்வதற்குச் சாட்சி கிடையாது. நோட்டீஸ், பில் இரண்டையும் பத்திரமாக வைக்க வேண்டும். அப்புறம் கடைக்கு ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் கடிதம். பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே வக்கீல் வைக்காமல் நாமே போய்ப் பேசலாம் என்றாள்.

ஹம்சவேணி அன்று மத்தியானமே சிக்னலுக்குப் போனாள். தரையில் நின்று எடுத்தால் படத்தில் தூங்குகிற பெண் விழுந்தாள், பலகையிலும் 'உறுதி'யின் தோளில் ஒட்டியிருந்த நட்சத்திரம் விழவில்லை. சாலை நடுவிலிருந்த சிமெண்டுத் திட்டில் ஏறி நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மூன்று ஷேர் ஆட்டோக்காரர்கள் நிறுத்தி எங்கே போக வேண்டும் என்று கேட்டார்கள். நாலாவது ஆள், இவள் ஏதோ ஆக்கிரமிப்பு எடுக்க வந்த அதிகாரி என்று எண்ணி, தன் வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொண்டான். பதினான்கு படம் எடுத்ததில் ஒன்றில் நட்சத்திரம் தெளிவாக விழுந்தது.

கடிதத்தை முதலில் அவள் நாலு பக்கம் எழுதியிருந்தாள். மனசாட்சி, வயிற்றெரிச்சல், பித்தலாட்டம் எல்லாம் அதில் இருந்தன. ஷரீபா பேனாவை எடுத்து முக்கால்வாசியை அடித்துவிட்டாள்.

"திட்டி எழுதுனா அவனுக்குத் திட்டு மட்டுந்தான் கண்ணுல படும். கேள்விய மட்டும் எழுது ஹம்சா. கேள்விக்குத்தான் பதில் சொல்லியாகணும்."

மிஞ்சியவை நாலு கேள்விகள். ஏழு நிமிடம் என்பதை யார், எங்கே சோதித்தது? பரிந்துரைத்த மருத்துவர்களின் பெயர் என்ன? மெத்தையில் ஜெர்மானியம் எது? நிபந்தனைகள் எவை?

பதினைந்து நாள் ஆகியும் பதில் இல்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டு, புகார் எண் கொடுத்து, கடைக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். அந்தப் பெண் தூக்கம் வராததைப் பற்றி ஒரு வார்த்தை அறிவுரை சொல்லாதது ஹம்சவேணிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பத்தாம் நாள் கடையிலிருந்து பதில் வந்தது. 'வாடிக்கையாளர் எந்த நாளிலும் எங்கள் காட்சிக்கூடத்துக்கு நேரில் வந்து மெத்தையில் படுத்தால், ஏழு நிமிடத் தூக்கத்தைச் செயல்விளக்கமாக நிரூபிக்கத் தயாராக இருக்கிறோம்.'

ஐம்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை, ரோட்டைப் பார்த்த கண்ணாடிக் கடையில் ஊர் பார்க்க வந்து படுக்கவா போகிறாள் என்று விஜய்ஆனந்த் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கு பாதி சரிதான். ஹம்சவேணி இரண்டு நாள் யோசித்தாள். அவள் அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, 'நிரூபிக்கத் தயார்' என்ற சொல் அவளைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. மூன்றாம் நாள் ஷரீபாவுக்குப் போன் செய்து, சனிக்கிழமை தயாராக இருக்கச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் கடைக்குள் நுழைந்தாள். பின்னால் ஷரீபா. அதற்கும் பின்னால், சாட்சிக்காக அரை நாள் லீவு போட வைக்கப்பட்ட ரவிசங்கர். விஜய்ஆனந்துக்கு முகம் சுருங்கியது. இன்னொரு நாள் பார்க்கலாமே என்றான். 'எந்த நாளிலும்' என்ற இடத்தில் ஷரீபா அடிக்கோடு போட்டு வைத்திருந்த கடிதத்தை நீட்டினாள்.

வேறு வழியில்லை. கண்ணாடியை ஒட்டியிருந்த மெத்தையில் ஹம்சவேணி படுத்து, புடவையை இழுத்துச் சரி செய்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டாள். தலைமாட்டில் நாற்காலி போட்டு ஷரீபா உட்கார்ந்தாள், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பது போல. விஜய்ஆனந்த் போனில் நேரத்தை ஓடவிட்டான். விளக்கை அணைத்தார்கள். மெல்லிசாக வீணை போட்டார்கள்.

வெளியே போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். கண்ணை மூடியிருந்தாலும் அத்தனை பார்வையும் உடம்பில் ஊர்வது அவளுக்குத் தெரிந்தது. இரண்டாம் நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. மூன்றாம் நிமிஷத்தில் பழகிவிட்டது. ஐந்தாம் நிமிஷத்தில், வீணை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது, வேறு போடு என்றாள். ஏழாம் நிமிஷம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, "எட்டு ஓடுது தம்பி" என்றாள்.

அவள் வேண்டுமென்றே தூங்காமல் இருக்கிறாள் என்று விஜய்ஆனந்த் வாதம் பண்ணத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்து, சத்தம் ஒன்று எழுந்தது. பக்கத்து மெத்தையின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்த ரவிசங்கர், எப்போது சாய்ந்தாரோ தெரியாது, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

விஜய்ஆனந்துக்கு உயிர் வந்தது. கடைக்குள் இருந்தவர்களைக் கைகாட்டி அழைத்து, பாருங்கள், அதே மெத்தை, அதே வீட்டுக்காரர், படுத்து நாலு நிமிஷம் ஆகவில்லை என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தம்பதி அந்த மெத்தைக்கே பணம் கட்ட வரிசையில் நின்றிருந்தது. அந்தக் கணவன் மனைவியிடம், பார்த்தாயா நான் சொல்லவில்லையா என்றான்.

ஹம்சவேணிக்கு ஒரு கணம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபத்தோரு நாள் நோட்டு, நட்சத்திரம், நாலு கேள்வி எல்லாம் இந்த மனிதரின் ஒரு குறட்டையில் போயிற்றே. எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினாள். அப்போதுதான் சுவரோரம் அது கண்ணில் பட்டது. மெத்தை வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துச் சாத்தி வைத்திருந்தார்கள்.

அவள் போய் அதை இழுத்துத் தரையில் விரித்தாள். கணவரை உலுக்கி எழுப்பி, சௌராஷ்டிரத்தில் இரண்டே வார்த்தை சொன்னாள். இங்கே படுங்கள் என்று அர்த்தம். ரவிசங்கர் ஏன் என்று கேட்கவில்லை. பாதி கண்ணோடு வந்து, அட்டையில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தலைக்குக் கொடுத்துக்கொண்டார்.

"நேரம் பாருங்க தம்பி" என்றாள் அவள்.

விஜய்ஆனந்த் அசையவில்லை. கூட்டத்திலிருந்து இடுப்பில் பட்டை கட்டிய ஒரு பெரியவர், நான் பார்க்கிறேன் தாயி என்று கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் வந்தார். எழுமலைக்காரர், பெயர் முத்திருளன். கடை அமைதியாக இருந்தது. வீணைகூட நின்றிருந்தது. இரண்டு நிமிஷம் நாற்பது வினாடியில், அட்டையிலிருந்து அதே குறட்டை அதே சுருதியில் கிளம்பியது.

"அப்ப மெத்தையவிட அட்டைதேன் ஒசத்தி" என்றார் முத்திருளன், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இந்த அட்டைய மட்டும் குடுத்திருக்கலாமே. எம்புட்டு தூரம் பஸ்ஸுல வந்து வாங்குனேன், முதுகுவலி பறந்துபோகும்னு."

அவர் வந்ததே அதற்குத்தான். மெத்தையில் படுத்து ஒரு மாதமாகிறது, வலி பறக்கவில்லை, இடுப்பிலிருந்து முதுகுக்கு ஏறியிருக்கிறது. எந்த மருத்துவர் பரிந்துரைத்தார் என்று சொன்னால் அவரிடமே போய்க் காட்டிக்கொள்வேன் என்று கேட்க வந்திருந்தார். பணம் கட்ட நின்ற தம்பதி அட்டையையும் ரவிசங்கரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாரோம் என்று நழுவியது. ஒரு கல்லூரிப் பெண் தொடக்கத்திலிருந்தே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது விஜய்ஆனந்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் முதலாளிக்குப் போன் போட்டான்.

முதலாளி வெங்கடசுப்பிரமணியன் கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். ஹம்சவேணியின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, சௌராஷ்டிரத்தில் ஆரம்பித்தார். நம்மவர்களுக்குள் எதற்குப் புகாரும் கடிதமும், வீட்டுக்கு வந்து சொன்னால் ஆகாதா என்றார். முத்திருளன் ஒன்றும் புரியாமல் இருவரின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹம்சவேணி தமிழிலேயே பதில் சொன்னாள்.

"இந்த அண்ணனுக்கும் தெரியணும்ல சார். அவரும் பில்லு வச்சிருக்காரு."

வெங்கடசுப்பிரமணியன் பெருமூச்சு விட்டுத் தமிழுக்கு வந்தார். உண்மையில் அவர் கெட்ட மனிதர் இல்லை, படிக்காத மனிதர். அதாவது, தன் விளம்பரத்தைப் படிக்காத மனிதர். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி எழுதி அனுப்பியிருக்கிறது. படம் நன்றாக இருந்தது, சரி என்று சொல்லிவிட்டேன், அதில் ஜெர்மனி எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது என்றார். பருத்தியும் தேங்காய் நாரும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறதாம்.

இருவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, ஒரு தாளை நீட்டினார். புகார்தாரர் முழுத் திருப்தி அடைந்தார், இனி இதுபற்றி எங்கும் பேச மாட்டார் என்று அதில் இருந்தது. ஹம்சவேணி கையெழுத்துப் போடவில்லை. ஊரில் இவர்களுக்குப் பதினோரு பலகை இருப்பதை அவள் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் கையால் எழுதினாள்: 'பணத்தைக் கொடுத்தால் பெற்றுக்கொள்வேன். பதினோரு பலகையும் இறங்கும்வரை புகார் அப்படியே இருக்கும்.' ஆணையத்துக்கான மனுவும் தயாராக இருக்கிறது என்று ஷரீபா பையைத் தட்டிக் காட்டினாள். முத்திருளனும் வாங்கிப் படித்து, அதன் கீழே தானும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

அட்டையிலிருந்து ரவிசங்கரை எழுப்பி, மூவரும் எழுமலைக்காரரோடு போய்ப் பக்கத்துக் கடையில் டீ குடித்தார்கள். ரவிசங்கர் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். டீ ஆறுவதற்குள், தானாகவே போனை எடுத்து, பழைய ஐந்து நட்சத்திரத்தைத் திருத்தினார். 'நான் எங்கும் தூங்குவேன். என்னை நம்பி வாங்க வேண்டாம்.' அதைப் படித்தபோது ஹம்சவேணிக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த வாரம் பணம் வந்தது. வண்டி வந்து மெத்தையை ஏற்றிக்கொண்டு போனது. பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பதினோராவது பலகை மாட்டுத்தாவணியில், பூ மார்க்கெட்டுப் பக்கம், ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்ததால் கடைக்காரர்களுக்கே மறந்துபோயிருந்தது. அவள் படம் எடுத்து அனுப்பி நினைவூட்டினாள். அது இறங்கிய அன்றுதான் புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதித்தாள். தூக்கம் முன்போலவே நடுநிசி தாண்டித்தான் வந்தது. ஆனால் விழித்திருக்கும் நேரம் அவ்வளவு எரிச்சலாக இல்லை. கடையில் நடந்ததை நினைத்து இருட்டில் தனியே சிரித்துக்கொண்டிருப்பாள்.

பத்து நாள் கழித்து வெங்கடசுப்பிரமணியனே போன் செய்தார். புது விளம்பரம் எழுதியிருக்கிறார்களாம். அச்சுக்குப் போவதற்கு முன் அவள் ஒரு தடவை பார்த்துக் கொடுத்தால் தனக்குப் பயமில்லாமல் இருக்கும் என்றார். அவள் போனாள். ஷரீபாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

தாளில் ஒன்பது வரி இருந்தது. ஹம்சவேணி பேனாவைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு வரிக்கும் இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டாள். மதுரையின் நம்பர் ஒன் என்பதற்கு எண்ணிப் பார்த்தது யார்? ஆயுள் முழுவதும் உழைக்கும் என்றால் யாருடைய ஆயுள்? விஜய்ஆனந்த் ஒவ்வொன்றுக்கும் முதலாளி முகத்தைப் பார்த்தான். முதலாளி தாளைப் பார்த்தார். வரிகள் அடிபட்டுக்கொண்டே வந்தன. கடைசியில் மூன்று மிஞ்சின. பருத்தியும் தேங்காய் நாரும் சேர்த்த மெத்தை. ஐந்து அளவுகளில் கிடைக்கும். பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

"இம்புட்டுத்தானாம்மா?" என்றார் வெங்கடசுப்பிரமணியன்.

இன்னும் ஏதாவது உண்மை இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். அவர் நெடுநேரம் யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. பலகை இருபதடி சார், மூணு வரி வச்சா பாதி எடம் காலியாக் கெடக்குமே என்று விஜய்ஆனந்த் கவலைப்பட்டான். முதலாளி அவள் கையிலிருந்த தாளை வாங்கி இன்னொரு முறை படித்துவிட்டு, எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார்.